பத்து நிமிஷம் போதும், தம்பி

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் கவிதாவும் நலமா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியபோது, 'எல்லாம் நல்லா இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிட்டாய். அதற்காக இதை எழுதவில்லை. உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்லத்தான்.

உள்ளே கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் மூன்று. எச்பி, 2பி, 4பி. கடைக்காரர் கலர் பெட்டி, கரிக்கட்டி, பிரஷ் என்று எடுத்து அடுக்கினார். வேண்டாம் என்றேன். பொழுதுபோக்காகப் படம் போட ஆரம்பிக்கிறவனுக்கு மூன்று பென்சிலே அதிகம். பி-க்கு முன்னால் எண் ஏற ஏற, உள்ளே களிமண் குறைந்து கிராஃபைட் கூடும். கோடு கறுப்பாக, மெத்தென்று விழும். எச்பி-யால் லேசாக உருவத்தைப் பிடித்துக்கொள். நிழலுக்கு 4பி.

ராத்திரி தூக்கம் வராவிட்டால் போனைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடு. பத்து நிமிஷம் போதும். நீ வாட்ஸ்அப்பில் கடைசியாக இருந்த நேரம் எனக்குத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை 3.10. நேற்று 2.40. ஆபீஸ் வேலை என்பாய். சரி, இருக்கட்டும்.

நான் ஐப்பசியில் ஆரம்பித்தேன். முதலில் போட்டது நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர். உட்கார்ந்து பார்த்தால் அதன் வாய் வட்டமாகத் தெரியாது, நீள்வட்டமாகத் தெரியும். அது வந்துவிட்டது. அடியைத்தான் பத்து நாள் தப்பாகவே போட்டேன். மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதே என்று நேர்கோடு இழுத்தேன். டம்ளர் பாதியில் அறுத்து வைத்த மாதிரி நின்றது. பதினோராம் நாள் உற்றுப் பார்த்தால், அடியும் வளைவுதான். கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் வாயைவிட அடியில்தான் வளைவு கூடுதல். அறுபத்து நாலு வயது வரை கையில் பிடித்துக் காபி குடித்த சாமான், அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. டம்ளர் இப்படித்தான் இருக்கும் என்று மனசில் இருந்ததையே கை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நீயும் டம்ளரிலிருந்து தொடங்கு. கண்ணைப் பாதி மூடிப் பார், வெளிச்சமும் நிழலும் தனித்தனியாகப் பிரியும். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டை ஊன்றாதே, தோளிலிருந்து கை வரட்டும். நாற்காலி போட்டால், கால்களுக்கு நடுவே உள்ள காலி இடத்தின் வடிவத்தைப் போடு. கால்கள் தாமாக வந்துவிடும். முதல் படம் கோணலாகத்தான் வரும். கிழித்துப் போடாதே, தேதி போட்டு வை. தினம் பத்து நிமிஷம் போதும்.

முப்பத்தைந்து வருஷம் பிரஸ்ஸில் ஆஃப்செட் அச்சு மெஷினில் நின்றவன் நான். நாலு கலரும் குறி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முருகன் கன்னம் வெறும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். கோவில்பட்டி கொண்டையராஜு ஐயாவும் அவர் சீடர்களும் போட்ட சாமி படங்கள்தான் சிவகாசி காலண்டருக்கு முகம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கம்பெனி கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-ல் காலமாகிவிட்டார், நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் படத்தை ஆயிரக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். புள்ளியைப் பார்த்தேனே தவிர, அந்தக் கண்ணை எப்படி எழுதினார் என்று ஒருநாள் நின்று பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்.

உனக்கு அந்தக் கண் பிறவியிலேயே இருந்தது. ஒன்பதாவதில் நீ போட்ட பத்திரகாளியம்மன் கோயில் கோபுரம் இன்னும் அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். வேலைக்குப் போனபின் நீ ஒரு கோடு போட்டாயா? சம்பளம், லோன், காரு என்றாய். கேட்டால் நேரமில்லை என்றாய்.

கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்த வருஷம் உன் டிராயிங் சார் வீட்டுக்கு வந்தார், ஞாபகம் இருக்கும். லோயர் கிரேடு டிராயிங் பரீட்சைக்கு அனுப்புங்கள், பையன் நன்றாக வருவான் என்றார். கையில் பணம் இல்லை சார் என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். செல்வம், பணம் இருந்தது. சட்டைப் பையிலேயே போனஸ் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின், கையால் படம் எழுதியவர்கள் வேலையில்லாமல் எங்கள் பிரஸ் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தவன் நான், பயந்துவிட்டேன். பயம் என்று சொல்லியிருக்கலாம். வறுமை என்று சொன்னேன். அன்றிலிருந்து நீ எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் உன் கலர் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்கிற பழக்கத்தை இந்த வீட்டில் நான்தான் தொடங்கி வைத்தேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

பெரிய அத்தை விஷயம் ஒரு வழியாக முடிந்தது, வரும்போது சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. பார்சலில் கறிவேப்பிலைப் பொடி வைத்திருக்கிறாள். எப்போதும் இரண்டு பாட்டில் வைப்பாள், இந்தத் தடவை ஒன்றுதான் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நோட்டு வந்ததும் ஏதாவது ஒன்றைப் போட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. உன் அடுப்படியைப் போட்டு அனுப்பு. அடுப்பு மேலே என்ன இருக்கிறதோ, எதுவும் இல்லையென்றால் அப்படியே.

அன்புடன்,
அப்பா