மாடியில் சுற்றும் சிரட்டைகள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காற்றின் வேகத்தை அளக்க ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாலு சிரட்டைகளைக் குறுக்குக் கம்பிகளில் கட்டி, பழைய சைக்கிள் பேரிங்கில் மாட்டி, பள்ளி மொட்டைமாடியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சிரட்டைக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட். நிமிடத்துக்கு அந்தச் சிவப்பு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுகிறார்கள். போன வாரம் கச்சான் காற்று அடித்தபோது எண்ண முடியாமல் திணறிப் போனார்கள்.

இதற்குச் சாயங்காலம் அரை மணி நேரம் அவர்கள் பள்ளியில் இருக்க வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு டீச்சர்?" என்று சிலர் கேட்டீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நம் நாட்டு வானிலை விஞ்ஞானி அன்னா மாணி 1918 ஆகஸ்ட் 23 அன்று கேரளத்துப் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரத்தோடு தர வந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து, வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதை ஆராய்ந்தார். ஆனால் முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் நின்றுவிடவில்லை. 1945-இல் இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைக் கற்று, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்தார். தப்பாக அளப்பதற்கு அளக்காமலே இருக்கலாம் என்பதில் அவர் கறார். இன்று நம் கமுதிப் பக்கம் வயல்போல் சூரியத் தகடுகள் விரிந்து கிடக்கின்றன. நாட்டில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்ற அளவுகளை 1980-லேயே புத்தகமாக்கித் தந்தவர் அவர். பிறகு காற்றையும் ஊர் ஊராக அளக்க வைத்தார்.

கடலுக்குப் போகும் அப்பாக்களுக்கும் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்கும் காற்றைப் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. வாடையா, கொண்டலா, கச்சானா என்று முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவீர்கள். அதைத் தினமும் காலையில் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். சிரட்டைக் கணக்குக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கில் கெட்டிக்காரிகளான இரண்டு பிள்ளைகள் போன வருடம் பத்தாம் வகுப்போடு நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களையும் மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறேன், பெற்றோர் தடுக்க வேண்டாம்.

திங்கள்கிழமை முதல் 4.15 மணிக்குத் தொடங்கி 4.45-க்கு முடித்துவிடுவோம். அறிவியல் டீச்சர் பஸ் ஸ்டாப் வரை கூடவே வருவார். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒரு சிரட்டை விரிசல் விட்டிருக்கிறது. வீட்டில் நல்ல வட்டமான சிரட்டை இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை