மாக்னா கார்ட்டாவை மீட்ட எழுபது வயதுக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னர் பிரபுக்களுக்குப் பணிந்ததை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கதையை அங்கேயே முடித்துவிட்டார்கள். அந்தச் சாசனத்துக்குப் பிறகு மறு உயிர் கொடுத்த வில்லியம் மார்ஷலின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ரன்னிமீடில் எழுதிய சாசனம் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். மறுபடி போர் மூண்டது. பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை வரவழைத்து லண்டனில் உட்கார வைத்தார்கள். 1216 அக்டோபரில் ஜான் இறந்தபோது மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. நாட்டில் பெரும்பகுதி எதிரிகள் பக்கம், கஜானா காலி.

அப்போது ஹென்றியின் பக்கம் இருந்த எல்லோரும் போய் நின்றது மார்ஷலிடம். அவருக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய சிறுவயதில் ஒரு சம்பவம் உண்டு. 1152-ல், ஐந்தாறு வயதுப் பிள்ளையாக இருந்தவரை, ஸ்டீபன் மன்னரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டு அவருடைய தந்தை வாக்கை மீறினார். பையனைத் தூக்கில் போடுவோம் என்று மிரட்டியபோதும், இவனைவிட நல்ல பிள்ளைகளைப் பெற எனக்குத் தெம்பு இருக்கிறது என்ற பொருளில் பதில் அனுப்பினாராம். கொல்ல மன்னருக்குத்தான் மனம் வரவில்லை. அப்படிப் பிழைத்தவரிடம்தான் அறுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு சிறுவனை ஒப்படைத்தார்கள். யார் கைவிட்டாலும் இவனைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவேன், பிச்சை எடுக்க நேர்ந்தாலும் சரி என்று மார்ஷல் சொன்னதாக, அவர் இறந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்ட பிரெஞ்சுச் செய்யுள் வரலாறு கூறுகிறது. குடும்பத்தார் எழுதவைத்த நூல், புகழ்ச்சி தூக்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த இடத்தை நான் நம்புகிறேன்.

சிறுவன் ஹென்றியின் சார்பில் ஆட்சிப் பொறுப்பேற்றவர் முதலில் செய்த பெரிய காரியம் போர் அல்ல. 1216 நவம்பர் 12 அன்று, பிரிஸ்டலில், செத்துப்போன அந்தச் சாசனத்தை மறுபடி வெளியிட்டார். மன்னரைக் கண்காணிக்க 25 பிரபுக்கள் என்ற பிரிவையும் இன்னும் சிலவற்றையும் நீக்கினார். சிறுவனுக்கென்று முத்திரை இல்லாததால் மார்ஷலின் முத்திரையும் போப்பின் தூதர் குவாலாவின் முத்திரையும்தான் அதில் இருந்தன. சாசனத்தை ரத்து செய்த திருச்சபையே ஓராண்டு கழித்து அதற்கு முத்திரை போட்டது! எதிரிகள் எதற்காகப் போரிட்டார்களோ, அதை அரசரின் பெயரிலேயே கொடுத்தாயிற்று.

அப்புறம்தான் போர். 1217 மே 20 அன்று லிங்கன் நகரில், தலைக்கவசம் போட மறந்து குதிரையைக் கிளப்பிய கிழவரை உடனிருந்த பணியாள் தடுத்து நினைவூட்டினானாம். வென்றார். லூயிக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைத்ததற்குப் பழியும் வாங்கினார். அவர் செய்தது சரி என்பது என் எண்ணம். அந்த 25 பிரபுக்களில் அவருடைய மூத்த மகனும் ஒருவர். எதிரணியை அழித்தொழிக்க நினைப்பவராக அவர் எப்படி இருந்திருக்க முடியும்? அதே ஆண்டு நவம்பரில் சாசனத்தை மீண்டும் வெளியிட்டு, காடுகளுக்கென்று தனிச் சாசனமும் தந்தார். 1219 மே மாதம் இறந்தார்.

மாக்னா கார்ட்டா பற்றி அடுத்து எழுதும்போது பிரிஸ்டலையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மார்ஷலுக்கென்று தனிக் கட்டுரையே வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
திருச்சி