மேசை மேல் ஒரு குட்டி ஃபாக்டரி

பென்சில்வேனியா
நவம்பர் 17

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குத் திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. ஆறு வாரத்துக்குப் படியேற வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம், அம்மா நாலாவது நாளே மொட்டை மாடிக்கு வடகம் பார்க்கப் போனாராம். எனக்கு ஆச்சரியமே இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “வீட்டில் தோட்டா செய்கிறாயாமே, உன் தங்கச்சி சொன்னாள். போலீஸ் பிடிக்காதா?” தங்கச்சி சொல்லும்போது எப்போதும் கொஞ்சம் காரம் கூடிவிடும். தோட்டா செய்யவில்லையடா, சுட்ட தோட்டாவைத் திரும்பக் கெட்டிக்கிறேன். இங்கே ‘ரீலோடிங்’ என்பார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்ய இந்த நாட்டு மத்தியச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. செய்து விற்க ஆரம்பித்தால்தான் உரிமம் வேண்டும். விசாவில் இருந்த வருடங்களில் நான் இதையெல்லாம் தொடவே இல்லை. அப்போது வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலொழிய துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சுடும் திடலுக்குப் போக ஆரம்பித்தேன்.

அவர் லேத் ஓட்டிப் பிழைத்தவர், எழுபது தாண்டிவிட்டது. 2020-ல் கொரோனா வந்ததும் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலி. கிடைத்தாலும் விலை இரண்டு மூன்று மடங்கு. எல்லோரும் புலம்பிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாரா வாரம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறையத் தோட்டாவோடு வருவார். எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தன் கராஜுக்குக் கூட்டிப்போனார். அப்படி ஆரம்பித்தது.

ஒரு தோட்டாவில் நாலே நாலு சமாச்சாரம்தான். பித்தளைக் குப்பி, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பிரைமர் என்றால் நம் தீபாவளித் துப்பாக்கிக்குப் போடும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள். சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். குப்பி மட்டும் அப்படியே தரையில் விழுந்து கிடக்கும். நாலில் விலை அதிகமும் பெரும்பாலும் அதற்குத்தான். அதைப் பொறுக்கி வந்து திரும்பத் திரும்ப உபயோகிப்பதுதான் மொத்த விஷயமே. திடலில் எல்லோரும் போன பிறகு குனிந்து குனிந்து பொறுக்குகிற ஆட்களைப் பார்த்தால் ரீலோடிங் ஆசாமிகள் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். எனக்கு இப்போது முதுகு வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

உன் மருமகன் கோயம்புத்தூரில் சுடுகிறானே, அந்த .22 தோட்டாவை மட்டும் இப்படிச் செய்ய முடியாது. அதில் தனியாகப் பிரைமர் கிடையாது, பற்றும் மருந்து குப்பியின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் அது குப்பைதான். அதோடு, அங்கே தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே மாதிரி மேசை போட்டு உட்கார்ந்துவிட முடியாது. பையனுக்கு ஆசை காட்டாதே.

முதல் வேலை குப்பிகளைத் துலக்குவது. இது உனக்குப் பிடிக்கும். கரி படிந்த பித்தளையை ஒரு டிரம்மில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், ஊசி ஊசியான எஃகுத் துண்டுகளோடு போட்டுச் சுற்ற விடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பொன் மாதிரி வெளியே வரும். சிட்ரிக் அமிலம் என்று இவர்கள் பெருமையாகச் சொல்வது செய்கிற வேலையைத்தான் நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் போட்ட புளியும் செய்தது. பெரியவரிடம் சொன்னேன், அவருக்குப் புளி என்றால் என்னவென்றே தெரியவில்லை. மக்காச்சோளச் சக்கைத் தூளில் போட்டுக் குலுக்கும் உலர் முறையும் உண்டு. ஆனால் அதில் தூசி பறக்கும், தூசியில் ஈயம் இருக்கும். பிரைமரிலும் ஈயச் சேர்மம்தான். அதனால் வீட்டுக்குள் செய்வதில்லை, மேசையில் காபி கூட வைப்பதில்லை, எழுந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். வருடத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்துவிடுகிறேன். மீனா இந்தப் பொழுதுபோக்குக்குப் போட்ட நிபந்தனைகளில் அதுதான் முதலாவது.

அப்புறம் பிரஸ். கரும்பு ஜூஸ் மெஷினில் பாதி இருக்கும், மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சட்டம், பக்கத்தில் ஒரு நீளக் கைப்பிடி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்கிற ‘சிங்கிள் ஸ்டேஜ்’ வகைதான் என்னிடம் இருப்பது. ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா முழுசாக வந்து விழுகிற மெஷின்களும் உண்டு. எனக்கும் ஆசை வந்தது. பெரியவர் விடவில்லை. ஐந்து விஷயம் ஒரே நேரத்தில் நடந்தால் ஐந்தையும் நீ பார்க்க மாட்டாய் என்றார்.

கைப்பிடியை இறக்கினால் குப்பி மேலேறி ‘டை’ என்கிற அச்சுக்குள் நுழையும். வெடித்தபோது உப்பிப்போன உடம்பை டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும், நடுவில் இருக்கும் ஊசி பழைய பிரைமரை உந்தித் தள்ளும். ‘டிக்’ என்று அது கீழே கிண்ணத்தில் விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே நூறு குப்பி செய்யலாம். கைத்துப்பாக்கிக் குப்பிக்குக் கார்பைடு டை போட்டால் எண்ணெய் வேண்டாம். ரைஃபிள் குப்பிக்குக் கட்டாயம் மசகு தடவ வேண்டும். ஒருமுறை தடவ மறந்து இழுத்தேன். குப்பி டைக்குள் சிக்கிக்கொண்டது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முடுக்கி வெளியே இழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

மருந்து நிறுப்பதுதான் இதில் உயிர்நாடி. கணக்கு எல்லாம் கிரெய்ன். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நகைக் கடையில் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். அந்த ஒரு கிரெய்னையும் பத்தாகப் பிரித்து நிறுக்கிறோம். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பதற்குக் கம்பெனிகள் சோதித்து வெளியிடுகிற கையேடு இருக்கிறது. அதில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொருவன் வாயால் சொன்ன அளவை நம்பக் கூடாது, நான் சொன்னாலும். அதனால்தான் இந்தக் கடிதத்தில் ஒரு அளவும் எழுதவில்லை.

நான் ஆரம்பித்தது .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பார்கள், எளிது என்று. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தோட்டா 1890-களின் கடைசியில், கரிமருந்துக் காலத்தின் வாலில் பிறந்தது. கரிமருந்து நிறைய வேண்டும், அதனால் குப்பி நீளம். இன்றைய புகையில்லா மருந்து கொஞ்சம் போதும், குப்பிக்கு அடியில் ஒரு ஓரமாகக் கிடக்கும். மறந்துபோய் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, வெளியே இருந்து தெரியாது. இரட்டை மருந்து துப்பாக்கியையும் பிளக்கும், கையையும் பிளக்கும்.

எனக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். இரண்டாவது மாதம். மேசையில் இருக்கும்போது ஆபீஸ் போன் வந்தது, எழுந்து போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் என்று நான் நினைத்த இடம். சனிக்கிழமை திடலில் ஏழாவதோ எட்டாவதோ தோட்டா. விசையை இழுத்தேன். வெடிச் சத்தம் வரவில்லை. ‘பொத்’ என்று, தலையணையைத் தட்டின மாதிரி. உதைப்பும் இல்லை. என் விரல் அடுத்த விசைக்குத் தயாராக இருந்தது, சேகர். பெரியவர் “நிறுத்து!” என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

குப்பியில் மருந்தே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் மூன்று விரற்கடை தள்ளிவிட்டு நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது போய் இதன் முதுகில் முட்டியிருக்கும், குழல் வெடித்திருக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, பித்தளைக் கம்பி விட்டுச் சுத்தியலால் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுத்தோம். ஒரு பக்கம் நசுங்கி, பல் பிடுங்கினது மாதிரி கையில் விழுந்தது. அதை மேசைக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

அன்றையிலிருந்து ஐம்பது குழி உள்ள மரக்கட்டையில் குப்பிகளை நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கிறேன். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். பார்த்து முடிக்காமல் ஒரு குண்டு கூடச் செருகுவதில்லை. போன் வேறு அறையில். நடுவில் எழுந்தால் எல்லா மருந்தையும் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. இது பெரியவரின் சட்டம். சிலது கசகசா மாதிரி உருண்டை, சிலது வட்டச் சில்லு, சிலது நறுக்கிய ஈர்க்குச்சி மாதிரி. ஆனால் ஒரே வடிவத்தில் வேறு வேறு வேகத்தில் எரிகிறவை இருக்கின்றன, கண்ணால் பிரிக்கவே முடியாது. மருந்தை அதன் சொந்த டப்பாவை விட்டு வேறெதிலும் வைப்பதில்லை. லேபிள் போன டப்பா ஒன்றைப் பெரியவர் திறந்து புல்வெளியில் தூவிவிட்டார். நைட்ரஜன் இருக்கிறதல்லவா, உரமாகட்டும் என்று. அந்த இடத்தில் புல் கொஞ்சம் செழிப்பாகத்தான் வந்தது, இல்லை எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இதையெல்லாம் உனக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீயும் நானும் அரவங்காட்டில் கார்டைட் ஃபாக்டரி சங்கு கேட்டு வளர்ந்த பிள்ளைகள். உன் அப்பா, என் அப்பா இரண்டு பேருமே அந்த கேட்டுக்குள் போய் வந்தவர்கள். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், “மருந்து” என்ற ஒரு வார்த்தையைத் தாண்டி அப்பா சொன்னதில்லை. நான் காய்ச்சல் மருந்து என்று நினைத்துப் பள்ளியில் சொல்லியிருக்கிறேன். கார்டைட் என்பதே கயிறு மாதிரி, சேமியா மாதிரி பிழிந்தெடுத்த புகையில்லா மருந்து என்று இந்தக் கராஜில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன். நாற்பத்தெட்டு வயதில்.

அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்ப்பார், ஞாபகமிருக்கிறதா? ஒரு தீக்குச்சி கூட இருக்கக் கூடாது. கணக்குப் பார்க்கையில் அம்மா குறுக்கே பேசினால் அப்பா கோபப்பட மாட்டார், எடை போடும் சாமானை நான் தொட்டால் மட்டும் கோபப்படுவார். தீபாவளிக்கு ஊரே அணுகுண்டு வெடிக்கும்போது நம் லைனில் மட்டும் நீள ஊதுபத்தி, வாளியில் தண்ணீர், பிள்ளைகள் பத்தடி தள்ளி. மற்ற லைன் பையன்கள் கேலி செய்வார்கள். பயந்தாங்கொள்ளி அப்பா என்று நானும் நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன வாரம் மேசையில் உட்காரும் முன் என்னையறியாமல் என் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனா கதவோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் மாமனாரைப் பத்து வருடம் பார்த்தவள்.

செலவு மிச்சமா என்று கேட்பாய். ஒரு தோட்டாவுக்குக் கணக்குப் போட்டால் மிச்சம்தான். பிரஸ், டை, தராசு என்று ஆரம்பத்தில் நானூறு டாலருக்கு மேல் போனது. அப்புறம் தோட்டா மலிவு என்று இரண்டு மடங்கு சுடுகிறேன். மொத்தத்தில் மிச்சம் இல்லை, மீனாவிடம் இதைச் சொல்லாதே.

இங்கே நன்றி அறிவிப்பு நாளுக்கு அடுத்த சனிக்கிழமை ரைஃபிளால் மான் வேட்டை தொடங்குகிறது. பெரியவர் கூப்பிடுகிறார். அட்டையைச் சுடுவதோடு சரி, மானைச் சுட எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு இருபது ரைஃபிள் தோட்டா மட்டும் அவர் கண் முன்னால் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். இருபதையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த பிறகே பெட்டியில் போட்டார். எனக்குக் கொஞ்சம் ரோஷம், கொஞ்சம் சந்தோஷம்.

ஷோகேசில் வைக்க ஒரு காலிக் குப்பி கொண்டுவரச் சொல்லியிருந்தாய். மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஊர் விமான நிலையங்களில் பையின் மூலையில் மறந்து கிடந்த ஒரு தோட்டாவுக்காக வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், காலிக் குப்பிக்கும் மணிக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் பெட்டியின் தையல் மடிப்பு வரைக்கும் உதறிவிட்டுத்தான் துணி அடுக்கப்போகிறேன். போட்டோ அனுப்புகிறேன், அதை ஃபிரேம் போட்டுக்கொள்.

ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறோம். நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழ் கடையில் வர்க்கி இரண்டு கிலோ சொல்லி வை, காலையில் அடுப்பிலிருந்து இறக்கினது. போன தடவை நீ கொடுத்தது முந்தின நாள் சரக்கு.

அம்மாவிடம் படியேற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்,
கண்ணன்