பூடர் ஆற்றங்கரையிலிருந்து ஒரு நன்றி

கிரீலி, கொலராடோ
நவம்பர் 1879

ஊராருக்கும், இது யார் கைக்கெல்லாம் போய்ச் சேருமோ அவர்களுக்கும்,

யூட் பழங்குடியினர் பிடித்துப்போன ஐந்து உயிரும் மீண்டுவிட்டன. மீக்கர் அம்மாள், அவர் மகள் ஜோசஃபின், பிரைஸ் வீட்டுப் பெண், அவளுடைய இரண்டு குழந்தைகள். அந்த 23 நாளும் இந்த ஊரில் யாருக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. யூட்களுக்கான அரசு அதிகாரியாக இருந்து அவர்கள் கையால் செத்த மீக்கர் ஐயாவையும், அவரோடு கொல்லப்பட்டவர்களையும் நினைத்து அழ இன்னும் எத்தனையோ இரவுகள் இருக்கின்றன. மலையேறிப் போய்ப் பேசி இவர்களை மீட்ட ஜெனரல் ஆடம்ஸ், சண்டையை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பிய ஊரே என்கிற யூட் தலைவர், தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அவர் மனைவி சிப்பீட்டா, வழியெல்லாம் உதவியவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஊரேயின் சொந்த மகனைப் பகைக் கூட்டத்தார் தூக்கிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அவன் திரும்பவே இல்லை. அந்த மனுஷன்தான் நம் பெண்களைத் திருப்பி அனுப்பப் பாடுபட்டார்.

ஆனால் என் மனம் சுற்றிச் சுற்றி வருவது அவருடைய சகோதரியிடம். பத்திரிகைகள் சூசன் என்று எழுதுகின்றன. குதிரை மேயும் நிலத்தை உழுததற்காக மீக்கர் ஐயாவோடு சண்டைக்கு வந்தாரே ஜான்சன், அவருடைய மனைவி. அந்தக் கூடாரத்திலிருந்து இரக்கம் வரும் என்று யார் நினைத்தோம்? குண்டுக் காயத்தோடு நொண்டி நடந்த மீக்கர் அம்மாளைப் பார்த்து அவர் அழுதாராம். அப்புறம், விடுவதா வேண்டாமா என்று ஆண்கள் கூடிப் பேசிய இடத்துக்குள்ளேயே போய் நின்று, விட்டுவிடுங்கள் என்று வாதாடியிருக்கிறார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நம் ஊர் உருவாவதற்கு முன்பு, இதே சூசன் இளம்பெண்ணாக, யூட்களுக்குப் பகையான அராப்பஹோ பழங்குடியினரிடம் சிக்கியிருந்தார். நெருப்பில் போட இருந்தார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள், அது எவ்வளவு நிஜமோ. நம் சிப்பாய்கள் சிலர் அவரை மீட்டு, அவருடைய சனங்களிடம் சேர்த்தார்கள். மீட்டது பூடர் ஆற்றங்கரையில். நம் வாய்க்காலில் ஓடுகிற அதே தண்ணீர்!

நேற்று வாளியோடு வாய்க்கால் கரைக்குப் போனவள், மொள்ளாமல் அப்படியே நின்றுவிட்டேன். "யாரோ ஒரு யூட் பெண், நமக்கென்ன" என்று அன்று அவர்கள் குதிரையைத் திருப்பியிருந்தால்? அன்றைக்கு அவர்களுக்கு அது அரை நாள் வேலையாக இருந்திருக்கும், மறந்தும் போயிருப்பார்கள். சூசன் மறக்கவில்லை.

டென்வர் பத்திரிகைகள் "யூட்கள் வெளியேற வேண்டும்" என்று கத்துகின்றன. எனக்கும் கோபம் இல்லாமல் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு மனு என் வாசலுக்கு வந்தால் அதில் என் கையெழுத்து விழாது. சூசனும் அந்த யூட்களில் ஒருத்திதானே.

மலைப்பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். அந்தச் சிப்பாய்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் கதவைத் தட்டுங்கள். இது கிரீலி, மது கிடைக்காது. ரொட்டியும் சூடான காபியும் உண்டு.

இப்படிக்கு,
மீக்கர் வீட்டுக்கு அடுத்த தெருக்காரி