அப்பத்தா வாயைத் திறக்க வெச்ச எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல ரங்கூனுக்குப் பக்கத்துல இருக்குற தன்லின்ல இருந்து எழுதுறேன், பழைய ஆளுங்களுக்கு சிரியம்னு சொன்னாதான் புரியும். நாலு மாசமா யார் யாரையோ தொந்தரவு பண்ணியிருக்கேன். ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ், கடை நேரத்துல போன், "அண்ணே அந்த போட்டோவ இன்னொரு தடவை அனுப்புங்க"ன்னு நச்சரிப்பு. ஒருத்தரும் மூஞ்சிய சுளிக்கல. தனித்தனியா நன்றி சொன்னா யாரையாவது விட்டுருவேன், விட்டா அப்பத்தா என்னை விடாது, அதான் மொத்தமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பத்தாவுக்கு 89 வயசு. "எங்க ஐயா கப்பல்ல வந்தப்ப"ன்னு அது ஆரம்பிச்சா போதும், நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் எந்திரிச்சுப் போயிருவோம். நானும்தான், நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. முதல் நன்றி எங்க சித்தப்பா மகனுக்கு, வயசு பத்தொம்பது. அவன்தான் மழை நேரத்துல கரண்ட் போன ஒரு சாயங்காலம் போன்ல ரெக்கார்டரைப் போட்டு அப்பத்தா வெத்தலப் பெட்டி பக்கத்துல வெச்சுட்டு "அப்பத்தா, முதல்ல இருந்து சொல்லு, நான் எங்கயும் போகல"ன்னு உக்காந்தான். நாலு சாயங்காலம், பவர்பேங்க் ரெண்டு தடவை செத்துப்போச்சு, தவளைச் சத்தம் ஒரு பக்கம், வெத்தல இடிக்கிற சத்தம் ஒரு பக்கம், எல்லாம் சேந்து ஆறு மணி நேரம் இருக்கு.

அது சொன்னதுல கொஞ்சம் மட்டும் இங்க எழுதுறேன், இல்லன்னா எதுக்கு யாருக்கு நன்றின்னு உங்களுக்குப் புரியாது.

பர்மாத் தமிழங்கன்னா ஊர்ல எல்லாரும் செட்டியாருங்கன்னுதான் நெனைக்கிறாங்க. அவங்க கையில நெலம் இருந்தது உண்மைதான், 1930கள்ல நெல்லு விலை விழுந்து கடன் கட்ட முடியாத பர்மாக்காரங்க நெலமெல்லாம் வந்து சேந்து, 1938 வாக்குல கீழ் பர்மா நெல் மாவட்டங்கள்ல நாலுல ஒரு பங்கு அவங்ககிட்டதான் இருந்துச்சு. ஆனா அப்பத்தா சொல்லுது, "நம்ம செட்டியாரு இல்லடா, செட்டியாரு கிட்டங்கிக்குத் தண்ணி தூக்குனவன் மக நானு". (கிட்டங்கின்னா அவங்க வட்டிக்கடையும் தங்குற எடமும் சேந்த கட்டடம்.) தேவகோட்டைப் பக்கம் ஒரு பொட்டக்காடு, மழை இல்ல, வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு மெட்ராஸ்ல கப்பல் ஏறி மேல்தட்டுல வாந்தி எடுத்துக்கிட்டே ரங்கூன் வந்திருக்காரு அந்த ஐயா. அவரு மட்டுமில்ல, 1920கள்ல வருஷத்துக்கு மூணு லட்சத்துக்கு மேல ஆளுங்க இந்தியால இருந்து ரங்கூன்ல வந்து இறங்கியிருக்காங்க, அதுல முக்காவாசி சம்பாரிச்சுட்டுத் திரும்பிப் போற எண்ணம்தான். ஐயாவும் அப்படித்தான் நெனைச்சாராம். மொகல் தெரு கிட்டங்கியில ரெண்டு வருஷம், அப்புறம் ஆத்தைத் தாண்டி சிரியம் பி.ஓ.சி. (பர்மா ஆயில் கம்பெனி) எண்ணெய் ஆலையில வேலை. கல்யாணம் கட்டி ஆத்தாளைக் கூட்டியாந்தாரு, அக்கா பொறந்துச்சு, நாலு வருஷம் கழிச்சு அப்பத்தா.

1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டது அப்பத்தாவுக்கு ஞாபகம் இல்ல. ஆனா மார்ச்சுல வெள்ளக்காரனே போறப்ப ஆலையக் கொளுத்திவிட்டுட்டுப் போனானே, அந்தப் புகை ஞாபகம் இருக்கு. "பகல்ல ராத்திரி மாதிரி ஆயிருச்சு, கோழி எல்லாம் கூட்டுக்குப் போயிருச்சு"ன்னு சொல்லுது. நான் எத்தனையோ புஸ்தகத்துல அந்த ஆலை எரிஞ்சதைப் படிச்சிருக்கேன், கோழி அடைஞ்சதை எவனும் எழுதல.

ஊரே இந்தியாவுக்கு நடந்து கெளம்புன நேரம். ஐயாவோட தம்பி ப்ரோம் வழியா தாங்குப் மலையத் தாண்டி அக்யாப் போயி அங்க இருந்து போட் பிடிக்கப் போறேன்னு போனாரு. வழியெல்லாம் காலரா. ஆத்தாளுக்கு அப்ப வயித்துல ஏழு மாசம், ஐயா நடக்க மாட்டேன்னுட்டாரு, வயக்காட்டுப் பக்கம் ஒரு பர்மாக் குடும்பம் நெல்லுக் குதிருக்குப் பின்னாடி எடம் குடுத்து அஞ்சு வாரம் வெச்சிருந்திருக்கு. அவங்க பேரு அப்பத்தாவுக்குத் தெரியல, "அம்மே"ன்னு கூப்பிட்டதுதான் தெரியும். அவங்க பேரப்புள்ளைங்க எங்கயாவது இருப்பாங்க, இந்த மடல் தமிழ்ல இருக்குறதால படிக்கப் போறதில்ல, இருந்தாலும் அவங்களுக்குச் சொல்லாம யாருக்கு நன்றி சொல்றது.

சரி, தோடு கதைக்கு வர்றேன், ஏன்னா உங்கள எல்லாம் நான் படுத்துனது அதுக்காகத்தான்.

அப்பத்தாவோட அக்காவைக் கட்டுன பெரிய தாத்தாவுக்கு ரங்கூன்ல சின்னதா ஒரு மளிகைக் கடை. 1964 மார்ச்சுல கடைங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் 17ஆம் தேதி அம்பது ஜாட் நூறு ஜாட் நோட்டு செல்லாதுன்னாங்க, ஒரே வசந்தத்துல மனுசன் காலி. இந்தியாவுக்குப் போற கப்பல்ல பேரு பதிஞ்சாங்க. நகை கொண்டு போக விடல, துறைமுகத்துல கழட்டி வாங்கிக்குவாங்கன்னு பேச்சு. அக்கா முதல் நாள் ராத்திரி வந்து காதுல கெடந்த ஏழுகல் தோட்டைக் கழட்டி, மொகோக் சுரங்கத்துச் சிவப்புக்கல்லு, அப்பத்தா கையில வெச்சு அழுத்திட்டுப் போயிருச்சு. ஏன் நீ போகலன்னு அப்பத்தாகிட்ட கேட்டோம். மாமியா படுத்த படுக்கை, அதை யாரு பாக்குறதுன்னு சொல்லுச்சு, அதுக்கு மேல பேசல, வெத்தலைய இடிக்க ஆரம்பிச்சிருச்சு.

தோடு அறுவது வருஷமா ஒரு ஓவல்டின் டப்பாவுல இருக்கு. 1987ல இருவத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுவத்தஞ்சு ஜாட் நோட்டு செல்லாம போனப்ப வீட்டுல அரிசி இல்ல, அப்ப ஒரு தடவை அடகு வெச்சு நாலாம் மாசம் மீட்டிருக்கு. இதை அது ரெக்கார்டர்ல ரொம்பச் சின்னக் குரல்ல சொல்லுது, தாத்தாவுக்கே தெரியாதாம். "அக்காவுக்கு எப்புடியாச்சும் சேத்துரணும், சேக்காம நான் கண்ண மூடக் கூடாது". இங்க 1988 கலவரத்துக்கு அப்புறம் கடிதாசியும் நின்னு போச்சு, அக்கா இருக்கா இல்லையான்னே தெரியாது.

இங்கதான் நீங்கல்லாம் வர்றீங்க.

கோயில்ல ஞாயித்துக்கெழமை புள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குற டீச்சர் அக்கா. எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், அதுவே இவங்க போட்ட பிச்சை, ஆனா பழைய ஏர்மெயில் கடிதாசியில புள்ளி இல்லாம சேத்துச் சேத்து எழுதுன எழுத்து எனக்குச் சீனம் மாதிரி இருந்துச்சு. பதினோரு கடிதாசி, பூச்சி அரிச்சது போக மிச்சத்தை எல்லாம் லென்ஸ் வெச்சுப் படிச்சு நோட்டுல எழுதிக் குடுத்தாங்க, அதுல கடைசிக் கடிதாசி ஓரத்துல "பர்மா காலனி"ன்னு இருந்ததைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். கோயில் பூசாரி ஐயாவுக்கும் நன்றி, பரண்ல இருந்த உபய நோட்டை (கோயிலுக்குக் குடுத்தவங்க பேரு எழுதுற நோட்டு) இறக்கித் தூசி தட்டிக் குடுத்தாரு, அதுல ஐயா பேருக்குப் பக்கத்துல சொந்த ஊரு பேரு எழுதியிருந்துச்சு. அப்பத்தா இத்தனை வருஷமா அந்த ஊர் பேரைத் தப்பா சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. ஒத்துக்கல, நோட்டுதான் தப்புங்குது.

மெட்ராஸ்ல பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை வெச்சிருக்குற அண்ணன். (நம்மூர்ல அத்தோன்னா கலந்து பெசையுற எல்லாமே அத்தோதான், அங்க நூடுல்ஸ் மட்டும்தான் அத்தோவாம், முட்டையெல்லாம் போடுறாங்களாம், சரி நல்லா இருந்தா சரி.) பர்மாவுல இருந்து திரும்புனவங்க குடியிருக்குற பர்மா காலனின்னா தமிழ்நாட்டுல ஒண்ணா ரெண்டா, அது எந்த ஊரு காலனின்னு கடிதாசியில இல்ல. அண்ணன் கடைக்கு வர்ற பெருசுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் என் அப்பத்தா போட்டோவைக் காட்டியிருக்காரு. வியாசர்பாடியில ஒரு அம்மா, தேவகோட்டை வழின்னா காரைக்குடி காலனியில கேளுங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த அம்மா யாருன்னு எனக்கு இன்னமும் தெரியாது. அப்புறம் காரைக்குடி ஆட்டோ தம்பி, ஒரு ஞாயித்துக்கெழமை முழுக்க வீடு வீடா போயி கேட்டிருக்காரு, பெட்ரோல் காசு கூட வாங்க மாட்டேன்னுட்டாரு. தம்பி, அந்தக் காசு இன்னமும் கடன்தான், நேர்ல வந்து குடுப்பேன்.

கிடைச்சது அக்கா மக, எனக்கு அத்தை முறை. நாலு வயசுல கப்பல் ஏறுனவங்க. அக்கா 2009ல போயிருச்சாம். வீடியோ கால்ல இதைச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு, அப்பத்தா ஆனா "ம்"ன்னு மட்டும் சொல்லிட்டு ஸ்க்ரீனை ரொம்ப நேரம் பாத்துச்சு, பாத்துட்டு "மூக்கு அவ மூக்கு"ன்னுச்சு. அப்புறம் டப்பாவைத் திறந்து தோட்டைக் கேமராகிட்டக் கொண்டு போயிக் காட்டுது, எனக்குத் தெரிஞ்சு அங்க ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, ஒரே வெளிச்சமாத்தான் இருந்திருக்கும்.

அத்தை சொன்னாங்க, "சின்னாத்தா, அது உங்களுக்குத்தான். தங்கச்சிக்கு என் தோட்டைக் குடுத்துட்டு வந்தேன்னுதான் அம்மா சாகுற வரைக்கும் சொல்லுச்சு".

நாங்கல்லாம் அழுவுறோம். அப்பத்தாவுக்குக் கோவம் வந்திருச்சு. "அவ அப்புடித்தான் சொல்லுவா, சின்னதுல இருந்தே பொய்யி. பத்திரமா வையின்னுதான் சொன்னா, நான் காதால கேட்டேன்"னு போனை என் கையில திணிச்சிருச்சு. ஆக தோடு இப்பவும் ஓவல்டின் டப்பாவுலதான் இருக்கு. அத்தை வேணாங்குறாங்க, அப்பத்தா வெச்சுக்க மாட்டேங்குது, வாரா வாரம் ஞாயித்துக்கெழமை போன்ல இதே சண்டை. அத்தை என்னை "மருமகனே நீயே ஒரு தீர்ப்பு சொல்லு"ங்குறாங்க, எனக்கு எதுக்குங்க இந்த வம்பு.

விபிஎன் போட்டு, அது அறுந்து, திரும்பப் போட்டு ஒவ்வொரு காலையும் பிடிச்சுக் குடுத்த போன் கடைப் பையனை விட்டுட்டேன் பாருங்க. அவனுக்கும் நன்றி. பீலிக்கான் முனீஸ்வரனுக்கு அவன் பேருலயும் ஒரு தேங்கா ஒடைக்கிறேன்.

இதை எழுதி முடிச்சு அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு "சித்தப்பன விட்டுட்டியே"ன்னுச்சு. தாங்குப் மலைப்பக்கம் நடந்து போனாரே அவரு. எழுதியிருக்கேனே அப்பத்தான்னேன். "போனாருன்னு எழுதியிருக்க, தேடுறோம்னு எழுதலயே"ங்குது. 83 வருஷம் ஆச்சு அப்பத்தா, யாரைக் கேக்குறதுன்னேன்.

இடது கை சுண்டுவிரல் பாதிதான் இருக்குமாம், ஆலை மெஷின்ல போனது. புல்லாங்குழல் வாசிப்பாராம், அந்தப் பாதி விரலோட. அக்யாப்ல இருந்தோ சிட்டகாங்ல இருந்தோ வந்தவங்க வீட்டுல அப்படி ஒரு தாத்தா இருந்தாருன்னு யாராவது சொல்லக் கேட்டிருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. "எழுதுடா, எழுதுனா என்ன கெட்டுப்போகுது"ன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கு.