அய்யனார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: கஜாவுக்குப் பிறகு கட்டியதும் நட்டதும்

கோயிலுக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டுதாரர்கள் எல்லோருக்கும், திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு முடிந்தபோதெல்லாம் பணம் அனுப்பிய நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம். ஆவணியில் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது, 48 நாள் மண்டலாபிஷேகமும் முடிந்துவிட்டது. 2018 தையில் கூட்டம் போட்டபோது ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னோம், ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயில் விமானத்துக்கு (கருவறைக்கு மேலுள்ள கோபுரத்துக்கு) என்று கொடுத்த பணம் மண்டபத்துக்கும் தென்னங்கன்றுக்கும் ஏன் போனது என்று சிலர் நேரிலேயே கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்குத்தான் இந்த அறிக்கை.

2018 புரட்டாசியில் பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமியை வேறிடத்தில் வைப்பது) செய்து, சாமியைத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, விமானத்துக்குச் சாரம் கட்டியிருந்தோம். நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் ஐப்பசி கடைசி நாள், கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல் கரையேறியது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு இலைகூட அசையவில்லை, புயல் போய்விட்டது என்று நினைத்துப் பலர் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். அது புயலின் கண் நம்மைக் கடந்த நேரம். கண் தாண்டியதும் காற்று தெற்கிலிருந்து திரும்பி அடித்தது, முதல் காற்றில் வேர் இளகி நின்ற மரமெல்லாம் அந்த இரண்டாம் காற்றில்தான் சாய்ந்தது. இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. காற்று நின்றால் வெளியே வரக்கூடாது என்பது நம்ம பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1952 புயலையும் 1977 புயலையும் பார்த்த பெரியவர்கள் அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்கள், எல்லோர் காதிலும் விழவில்லை.

கொட்டகைத் தகரம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. பூசாரி மட்டும் சாயங்காலமே சாமி இருந்த கும்பத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார், ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தின் ஓடும் பாதி பறந்தது. அங்கே ஒதுங்கியிருந்தவர்கள் குழந்தைகளை மேசைக்கு அடியில் தள்ளி அதன்மேல் பாயைப் போட்டு உட்கார்ந்த கதை உங்களுக்கே தெரியும். மண்டபத்தை ஏன் கற்காரையில் (கான்கிரீட்டில்) போட்டோம் என்று கேட்பவர்கள் அந்த ராத்திரியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முன்கூட்டியே 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்கு மாற்றியதால்தான் டெல்டாவில் நிறைய உயிர் தப்பியது. ஆனால் மாற்றிய இடம் உறுதியாக இருந்தால்தானே அதற்குப் பலன்?

விடிந்தபோது காக்கா சத்தம் இல்லை. ஊரே வெட்டவெளியாகத் தெரிந்தது, கிழக்குத் தெருவில் நின்றால் மேற்குத் தெரு வீடுகள் தெரிந்தன. கோயில் தோப்பில் இருந்த 112 தென்னையில் 17 நின்றது. வரப்பில் இருந்த பனை ஒன்றுகூடச் சாயவில்லை. கோடியக்கரையில் வெளிமானும் புள்ளிமானும் குதிரையும் செத்து, சில உடல்கள் காரைக்கால் கரைவரை ஒதுங்கின. அகஸ்தியன்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் கடல் சேறு வந்து படிந்தது, உப்பு வாருகிற சனங்களுக்கு மாசக்கணக்கில் வேலை இல்லை.

அப்போது கோயில் கையிருப்பு 4 லட்சத்து 60 ஆயிரம். அதிலிருந்துதான் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து 19 நாள் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் விழுந்திருந்தன, கேரளாவிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து வேலை செய்தார்கள். மூன்று மாசத்துக்கு முன்னால்தான் அவர்கள் ஊரையே வெள்ளம் அடித்துப் போட்டிருந்தது, அந்த மனுஷர்களை நம்ம ஊர் மறக்கக்கூடாது. டீசலுக்கும் அரிசிக்கும் சேர்த்து 1 லட்சத்து 85 ஆயிரம் செலவானது. சாமி காசை இப்படிச் செலவழிக்கலாமா என்று குழுவுக்குள்ளேயே பேச்சு வந்தது. செலவழித்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். தலைக்கட்டு வரியையும் இரண்டு வருஷம் நிறுத்தினோம். விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. காய்க்கிற மரத்தை இழந்த குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? அவர்களிடம் போய் விமானத்துக்குப் பணம் கொடு என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. கோயில் தோப்புக்கு அந்த நிவாரணமும் வரவில்லை, பட்டா பழைய பெயரிலேயே கிடந்ததுதான் காரணம். இப்போது அதை மாற்றிவிட்டோம்.

குளத்துக்குத்தான் அதிகம் பாடுபட்டோம். வாய்க்கால் வழியாகக் கடல்தண்ணீர் ஏறி, இலையும் மட்டையும் அழுகி, மீன் செத்து மிதந்து, தண்ணீர் கறுப்பாகவே கிடந்தது. இரண்டு தடவை இறைத்து, வண்டலை வாரி, மழைத்தண்ணீர் நிறையவிட்டுத் திரும்ப இறைத்தோம். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை கொட்டியபோது வயல் மூழ்கியது, ஆனால் குளத்து உப்பைக் கழுவியது அந்த மழைதான். அய்யனாருக்கு மண் குதிரை செய்ய அந்த வண்டலையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். குதிரை செய்கிற வேளார் ஒரு உருண்டையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வெந்தாலும் உப்புப் பூத்து உதிரும் என்று சொல்லிவிட்டார். அதனால் வெளியிலிருந்து மண் வாங்கினோம். அதே காரணத்தால்தான் பூச்சு வேலைக்கும் லாரியில் நல்ல தண்ணீர் வந்தது, அந்தச் செலவு கணக்கில் தனியாக இருக்கிறது. பழைய குதிரைகளில் உடையாமல் கிடைத்த இரண்டு தலைகளைப் புதுக் குதிரைகளின் காலடியில் வைத்திருக்கிறோம். அதை யாரும் அப்புறப்படுத்த வேண்டாம்.

விழுந்த அரசமரத்தை விறகுக்குக் கேட்டு வந்தார்கள், நல்ல விலையும் சொன்னார்கள். இளவட்டங்கள் விடவில்லை. கிளையைக் கழித்து, குழியை ஆழப்படுத்தி, ஜேசிபி வைத்துத் தூக்கி நிறுத்தி, வெட்டிய இடத்தில் சாணம் பூசி, முறைபோட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். தை பாதியில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது. அன்றைக்கு அந்த அரசமர மேடையில் நின்று அழுதவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள்.

கொரோனாவில் ஒன்றரை வருஷம் போனது. இடையில் முன்பணம் வாங்கிய ஒரு ஒப்பந்தக்காரர் அடித்தளம் போட்டுவிட்டு வரவே இல்லை, 70 ஆயிரம் ரூபாய் நஷ்டம். ரசீது இல்லாமல் கொடுத்தது எங்கள் தவறு, அதை ஒப்புக்கொள்கிறோம். மண்டபம் இப்போது கற்காரைத் தளம், மாடிப்படி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, கைப்பம்பு, ஜெனரேட்டர் வைக்கத் தனி அறை எல்லாவற்றோடும் நிற்கிறது. விமானம் சுதை வேலை முடிந்து வர்ணமும் அடித்தாயிற்று. முதலில் நினைத்ததைவிட ஒரு நிலை குறைவு, அந்தக் காசுதான் மண்டபத் தளமாக மாறியது.

தோப்பில் நெட்டை ரகமும் நெட்டை–குட்டை ஒட்டு ரகமும் கலந்து 90 தென்னங்கன்று 25 அடி இடைவெளியில் நட்டோம், ஓரத்தில் பனங்கொட்டை போட்டோம். ஒட்டு காய்க்கத் தொடங்கிவிட்டது, நெட்டைக்கு இன்னும் ஓரிரு வருஷம் ஆகும். பெரிய தொல்லை காண்டாமிருக வண்டு. புயலில் விழுந்த மரத்தை அப்படியே மக்கவிட்டோம் பாருங்கள், அதில்தான் அது பெருகியது. விரிகிற மட்டையில் கத்தரித்தாற்போல் வெட்டு தெரிந்தால் வண்டு குருத்துக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். வண்டைப் பிடிக்க ஆமணக்குப் பிண்ணாக்கு கரைத்த பானைகள் வைத்திருக்கிறோம், சனிக்கிழமை தோறும் முறைக்காரர்கள் பார்க்க வேண்டும், சில வாரம் யாரும் வருவதில்லை.

மொத்த வரவு 38,72,000 ரூபாய், செலவு 37,95,400, கையிருப்பு 76,600. இந்த மீதியைத் தோப்புப் பராமரிப்புக்கு வைப்பதாகக் குழு முடிவு செய்திருக்கிறது, மறுப்பு இருந்தால் கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லுங்கள். ரசீது, பில் எல்லாம் மண்டபத்தில் பார்வைக்கு இருக்கும். வடக்குத் தெருக்காரர்கள் அன்றைக்கே அடுத்த மூன்று மாசத்துக்கான வண்டுப் பானை முறையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.