கேட்க வேண்டிய கேள்விதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போரை ஆதரித்துப் பேசும் அமெரிக்க அரசியல் விமர்சகர்களிடம் "வியட்நாம் போர் சமயத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பது வெறும் தனிமனிதத் தாக்குதல் எனக் கடந்த இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

பட்டாளத்துக்குப் போகாதவர் போரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது அபத்தம். அப்படிப் பார்த்தால் அங்கே பெண்கள் யாருமே பேச முடியாது. அவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்ததே இல்லை. ஆனால் அடுத்தவர் போகாததைக் கேலி செய்தே பேர் வாங்கியவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அமெரிக்க வானொலி விமர்சகர் ரஷ் லிம்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாய சேவையிலிருந்து தப்பியவர் என்று பில் கிளிண்டனை அவர் சளைக்காமல் சாடினார். லிம்பாவின் சொந்தக் கதை 1992 அதிபர் தேர்தல் சமயத்தில் வெளியே வந்தது. மருத்துவக் காரணத்தால் அவருக்கு '1-ஒய்' வகை, அதாவது போர் அல்லது அவசரநிலை அறிவிக்கப்பட்டால் மட்டும் அழைக்கத் தக்கவர் என்ற வகை, கிடைத்திருந்தது. யாரை முதலில் பட்டாளத்துக்கு அழைப்பது என்று பிறந்த தேதிகளை வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள்; சிறிய எண்ணுக்குத்தான் முதல் அழைப்பு. 1970 குலுக்கலில் அவர் பிறந்த தேதிக்கு விழுந்த எண் 152. அந்த ஆண்டுப் பிரிவில் 125 வரைதான் அழைத்தார்கள். அவர் சட்டத்தை மீறவில்லை, அதிர்ஷ்டமும் கை கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், கிளிண்டனுக்கு 1969 குலுக்கலில் விழுந்தது 311. அந்தப் பிரிவில் 195-ஐத் தாண்டி யாரையும் அழைக்கவில்லை. இருவரும் எண்ணால் பிழைத்தவர்கள். அப்புறம் ஒருவர் மட்டும் எப்படிக் கோழையாவார்?

இதில் கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. பட்டாளத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு உள்ளூர் வாரியத்துக்கும் இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று கணக்கு இருந்தது. கல்லூரி மாணவர் என்று ஒருவருக்குச் சேவையிலிருந்து ஒத்திவைப்பு கொடுத்தால், அந்த இடத்துக்கு இன்னொருவரைத்தான் அனுப்பினார்கள். பெரும்பாலும் கல்லூரிக்குப் போக வசதியில்லாத பையன். வியட்நாமில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கிய, பின்னாளில் துணை அதிபரான டிக் செனி, அறுபதுகளில் தனக்கு வேறு முக்கிய வேலைகள் இருந்தன என்று பின்னாளில் சொன்னார். போன பையனுக்கு மட்டும் வேலை எதுவும் இல்லையா என்ன?

யாருக்கு எந்த வகை கிடைத்தது என்று காட்டும் அந்நாளைய வகைப்பாட்டுப் பதிவேடுகள் அமெரிக்காவில் யாரும் கேட்டுப் பார்க்கக்கூடியவை. அடுத்த முறை அந்தத் தலைமுறை விமர்சகர் எவரையாவது பற்றி எழுதினால், அவருடைய வகையையும் குலுக்கல் எண்ணையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்